பிடித்த பாட்டில் நம் கதை: எங்கள் மொட்டை மாடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் கூடுகிறோம். ஆளுக்கு ஒரு பாட்டு, அதில் ஒரே ஒரு வரி. அந்த வரி ஏன் தன்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எனக்குப் பிழைப்பு மெய்ப்புத் திருத்துவது. இருபது வருஷமாகத் திருவல்லிக்கேணிக்குப் போய் மற்றவர்கள் எழுதியதில் ஒற்றும் புள்ளியும் தேடுகிறேன். மாடிக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லித் தொண்டை வற்றுவதால் எழுதி வைத்துவிட்டேன்.

சினிமாப் பாட்டு என்பது யாரோ ஒரு இயக்குநர் சொன்ன சூழ்நிலைக்குக் காசு வாங்கிக்கொண்டு எழுதுவது. அதில் போய் என் வாழ்க்கையைத் தேடுவது அசட்டுத்தனம் இல்லையா?

காசு வாங்கியது உண்மை. அதைவிட மோசமான உண்மை, பெரும்பாலும் மெட்டுதான் முதலில் பிறக்கிறது. இசையமைப்பாளர் "தன்னானே தானனா" என்று தத்தகாரம் பாடிக் காட்டுவார். அந்தச் சந்தத்துக்குள் உட்காரும் சொல்லைத்தான் கவிஞர் போட வேண்டும். உங்களைத் தூங்கவிடாமல் செய்த அந்த ஒரு சொல், குறில் நெடில் கணக்கு சரியாக வந்ததால் மட்டுமே அங்கே வந்து உட்கார்ந்திருக்கலாம்.

ஆனால் எழுதுகிறவரும் மனுஷன்தானே. 1967-ல் வந்த 'பட்டணத்தில் பூதம்' படத்தில், சிவகாமியின் மகனிடம் தன் சேதியைச் சொல்லச் சொல்லித் தோழியிடம் கதாநாயகி பாடுவதுபோல் கண்ணதாசன் ஒரு பாட்டு எழுதினார். படத்தில் அது காதல் பாட்டு. காமராஜரின் தாயார் பெயர் சிவகாமி அம்மாள். மனஸ்தாபத்தில் இருந்த கவிஞர் காமராஜருக்கு விட்ட தூது அது என்று கோடம்பாக்கத்தில் இன்றைக்கும் சொல்லிக்கொள்வார்கள். கதை எந்த அளவுக்கு நிஜமோ தெரியாது, அந்தப் பெயர் அங்கே இருப்பது நிஜம். எழுதினவரே தன் சொந்த விஷயத்தை வரிக்குள் மடித்து வைக்கலாம் என்றால், கேட்கிற நமக்கு மட்டும் என்ன தடை?

நான் இதை வாடகை வீடு மாதிரி பார்க்கிறேன். கட்டினவர் ஒருவர், குடியிருப்பவர் வேறு. நாம் காலண்டர் மாட்டலாம், பரணில் சாமான் போடலாம். சுவரை இடித்துவிட்டு "வீடு எப்போதுமே இப்படித்தான் இருந்தது" என்று சொல்லக் கூடாது.

எழுதியவர் நினைத்ததற்கு நேர் எதிரான அர்த்தம் எனக்குத் தோன்றுகிறது. காதல் பாட்டைக் கேட்டால் அழுகை வருகிறது. எனக்கு ஏதாவது கோளாறா?

இதற்குக் கொஞ்சம் விரிவாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

போன வருஷம் ஒரு பெண் வந்தார். கொளத்தூர்ப் பக்கம், வங்கியில் வேலை. அவர் கொண்டுவந்தது 'இருவர்' (1997) படத்து 'நறுமுகையே'. சுத்தமான காதல் டூயட். "அற்றைத் திங்கள்" என்று தொடங்கும் இடம் வந்தால் தனக்கு அப்பா ஞாபகமும் விற்றுப்போன வீட்டு ஞாபகமும்தான் வருகிறது, ஏன் என்று தெரியவில்லை, யாரிடமாவது சொன்னால் சிரிக்கிறார்கள் என்றார். அப்பா போன மறு வருஷமே அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்து, வீட்டைக் கொடுத்துவிட்டார்களாம். இப்போது அந்த இடத்தில் நாலு மாடி அடுக்ககம். அப்பா மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது அந்தப் பாட்டை முணுமுணுப்பாராம். அதனால் இருக்கும் என்று அவரே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டார்.

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. ஏனென்றால் 'அற்றைத் திங்கள்' என்பது சினிமாவுக்காகப் பிறந்த சொல் கிடையாது. புறநானூற்றில் 112-ஆவது பாட்டு. பாரி மன்னன் இறந்து, பறம்பு மலையும் பறிபோன பிறகு அவன் மகள்கள் பாடியது. "அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின் எந்தையும் உடையேம், எம் குன்றும் பிறர் கொளார்" என்று தொடங்கும். போன மாசத்து நிலா வெளிச்சத்தில் எங்களுக்கு அப்பாவும் இருந்தார், எங்கள் மலையும் எங்களிடம் இருந்தது. இந்த மாசத்து நிலாவில் மூவேந்தர் மலையை எடுத்துக்கொண்டார்கள், அப்பாவும் இல்லை. மொத்தமே ஐந்து அடி. ஒப்பாரிபோல நீட்டி அழவில்லை. இரண்டு நிலாவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அந்தச் சொல்லைத்தான் பாடலாசிரியர் எடுத்து, பொய்கையில் குளிக்கும் பெண்ணின் நெற்றியில் வழியும் நீருக்குப் பக்கத்தில் வைத்தார். அதே பாட்டில் குறுந்தொகையின் "யாயும் ஞாயும் யாராகியரோ"வும் வருகிறது. அது நிஜமாகவே காதல் பாட்டு, அதனால் அங்கே சிக்கல் இல்லை. புறநானூற்றுத் துண்டோ தன் பழைய துக்கத்தை எங்கோ ஒரு மூலையில் வைத்துக்கொண்டேதான் டூயட்டுக்குள் வந்திருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு இது எதுவும் தெரியாது. அவர் மனசு அங்கே போய் நின்றது தற்செயல்தான். சொல்லுக்குள் மந்திரம் இருந்து இழுத்தது என்றெல்லாம் கதை கட்ட மாட்டேன். ஆனால் ஐந்து அடியையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். நாலாக மடித்து செல்போன் உறைக்குள் வைத்துக்கொண்டார். அன்றைக்கு அடுத்த ஆள் பேச ஆரம்பிக்கக் கால் மணி நேரம் ஆனது.

புறநானூற்றை உ.வே.சாமிநாதையர் 1894-ல் அச்சில் கொண்டுவந்தார். அவர் நெடுங்காலம் குடியிருந்தது நான் தினமும் வேலைக்குப் போகிற திருவல்லிக்கேணியில். ஓலைச்சுவடி செல்லரித்துப் போயிருந்தால் கொளத்தூர்ப் பெண்ணிடம் கொடுக்க என்னிடம் தாள் மட்டும்தான் இருந்திருக்கும்.

ஆக, கோளாறு எதுவும் இல்லை. 'இது அப்பாவைப் பற்றிய பாட்டு' என்று மற்றவர்களிடம் வாதாடாதீர்கள், அது போதும். 'எனக்கு இது அப்பாவைப் பற்றிய பாட்டு' என்று சொல்லுங்கள். ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம், ஆனால் சண்டை வராது.

தப்பாகக் கேட்டு, அந்தத் தப்பையே பல வருஷம் நேசித்திருக்கிறேன். இப்போது சரியான வரி தெரிந்துவிட்டது. என்ன செய்வது?

இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து பாடும்போது "இருந்த பெருந் தமிழணங்கே" என்ற இடத்தை நான் ஐந்தாம் வகுப்பு வரை "தமிழன் அங்கே" என்றுதான் பாடினேன். யாரோ ஒரு பெரிய தமிழன் அங்கே இருக்கிறான், எல்லோரும் அவனைக் காட்டிப் பாடுகிறோம் என்று நினைப்பு. கொடிக்கம்பத்துக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். அதன் மேல்தான் அவன் நிற்க வேண்டும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். மூன்று சுழி ண-வுக்கும் இரண்டு சுழி ன-வுக்கும் உள்ள வித்தியாசம் என் வாய்க்கு அப்போது தெரியாது. பிற்பாடு அதே வித்தியாசம்தான் எனக்குச் சம்பளம் தந்தது என்பது வேறு விஷயம். அணங்கு என்றால் தெய்வப்பெண் என்று இப்போது தெரியும். ஆனாலும் பாட்டு அந்த வரிக்கு வரும்போது கண் தன்னால் தண்ணீர்த் தொட்டியைத் தேடுகிறது.

சரியான வரியை எங்கே பார்ப்பது? இணையத்தில் இடத்துக்கு இடம் மாறி இருக்கிறதே?

இருக்கும். காதால் கேட்டு ஆங்கில எழுத்தில் தட்டி, அதைத் திரும்பத் தமிழாக்கிப் போட்டால் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். சொல்லைப் பிரிக்கக் கூடாத இடத்தில் பிரித்திருப்பார்கள். பழைய படம் என்றால் பாட்டுப் புத்தகம் தேடுங்கள். தியேட்டர் வாசலில் விற்ற அந்த மெல்லிசுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் போட்டு, முக்கியமான இடத்தில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று கழற்றிவிடுவார்கள். முன்பெல்லாம் மூர் மார்க்கெட்டில் கட்டுக் கட்டாகக் கிடைத்தவை. 1985-ல் அது எரிந்தபோது எத்தனை பாட்டு போனதோ. இப்போது பாரதி சாலை நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றிரண்டு சிக்கும். அதிலும் அச்சுப் பிழை உண்டு என்பதைத் தொழில் தெரிந்தவனாகச் சொல்லிவிடுகிறேன்.

பெண் பாடுகிற வரி எனக்குச் சொந்தம்போல இருக்கிறது. நான் ஆண். பரவாயில்லையா?

மார்கழியில் விடியற்காலை பார்த்தசாரதி கோயில் பக்கம் போய்ப் பாருங்கள். மீசை நரைத்த ஆட்கள் ஆண்டாளின் முப்பது பாட்டையும் கூசாமல் பாடிக்கொண்டு போவார்கள். நம்மாழ்வார் தன்னைப் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் வைத்துப் பாடிய மண் இது. உங்கள் சந்தேகம் ஆயிரம் வருஷம் தாமதமாக வந்திருக்கிறது.

மொழி தெரியாத பாட்டிலும் அர்த்தம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் வேறு மாதிரி. சபாவில் தெலுங்குக் கீர்த்தனையைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிற எல்லோருக்கும் தெலுங்கு தெரியுமா என்ன? இன்னொரு பக்கம், மேடையில் பாடுவது நமக்குப் புரியவும் வேண்டும் என்று கேட்டுத்தான் 1943-ல் தமிழ் இசைச் சங்கமே வந்தது. பாரிமுனைப் பக்கம் அந்தச் சங்கத்தின் ராஜா அண்ணாமலை மன்றத்துக்கு முன்னால் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்த வழக்கு ஞாபகம் வரும். என் கட்சி இரண்டாவது கட்சிதான். ராகம் அழ வைக்கும், மறுக்கவில்லை. ஆனால் எதற்காக அழுதோம் என்று வீட்டுக்கு வந்து சொல்ல எனக்குச் சொல் வேண்டும். மாடியில் இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களையும் சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

பிரிந்துபோன ஒருவரோடு ஒட்டிக்கொண்ட பாட்டு. கேட்கவே முடியவில்லை.

கேட்காதீர்கள். 'திரும்பத் திரும்பக் கேட்டால் மரத்துப்போகும்' என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படி ஆனதில்லை. எப்படியும் ஒருநாள் ஷேர் ஆட்டோவில் டிரைவர் போடுவார், இறங்கவும் முடியாது. அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இறந்தவர்களுக்காகப் பாட்டு வைக்கிறோம். பழைய வரி திடீரென்று அவரைப் பற்றியே எழுதினதுபோல் ஆகிவிடுகிறதே, எப்படி?

எஸ்.பி.பாலசுப்ரமணியம் 2020 செப்டம்பர் 25-ஆம் தேதி காலமானபோது, தேகம் மறைந்தாலும் இசையாய் மலர்வேன் என்ற வரிதான் எல்லார் செல்போனிலும் ஓடிற்று. 1985-ல் 'உதய கீதம்' படத்தில் பாடகன் கதாபாத்திரத்துக்காக அவர் பாடியது. முப்பத்தைந்து வருஷம் அது படத்து நாயகன் சொல்லும் வரி. ஒரே மத்தியானத்தில் அது அவருடையதாக ஆகிவிட்டது. வரியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, சொல்கிற ஆள் மாறிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் இதையே தலைகீழாகச் செய்வார்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு வட்டாரத்தில் சாவு வீட்டில் ராத்திரி கானா பாடுவது உண்டு. எங்கள் தெருவில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் தவறியபோது பாட வந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தவர்களிடம், "அண்ணாத்த பேரு இன்னா? புள்ளைங்க எத்தினி பேரு? எந்த டீக்கடைல குந்துவாரு?" என்று கேட்டான். கால் மணி நேரம் கழித்து அவர் பேர், இஸ்திரி வண்டி, கரி மூட்டை, அவர் கடனுக்கு டீ குடித்த கடை எல்லாம் ஏற்கெனவே இருந்த ஒரு மெட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன. டீக்கடைக்காரர் பேர் வந்த இடத்தில் சாவு வீடே ஒரு நிமிஷம் சிரித்தது. அர்த்தம் தானாகக் கிடைக்கும் வரை அங்கே காத்திருப்பதில்லை, அங்கேயே தைத்துப் போட்டுவிடுகிறார்கள்.

என் மகள் கேட்கிற பாட்டில் வரியே புரியவில்லை. அதில் என்ன அர்த்தம் இருக்கப் போகிறது?

அவளையே கேளுங்கள். 'இதெல்லாம் ஒரு பாட்டா' என்று ஆரம்பிக்காமல் கேளுங்கள். நான் அப்படி ஆரம்பித்து இரண்டு வருஷம் வீணாகப் போயிற்று.

ஒரே பாட்டு வயதாக ஆக ஏன் வேறு மாதிரி கேட்கிறது?

பொதுவான காரணம் சொல்ல எனக்குத் தெரியாது. என் விஷயத்தில் காரணம் ஓர் அறுபது நிமிஷக் கேசட்.

அப்போதெல்லாம் பிடித்த பாட்டுகளைச் சீட்டில் எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுத்தால், இரண்டு நாள் கழித்துக் கேசட்டில் பதிவு செய்து தருவார்கள். அறுபது நிமிஷம் என்றால் பக்கத்துக்கு முப்பது. அப்பா எழுதிக் கொடுத்த சீட்டில் கடைசிப் பாட்டு 'சின்னஞ்சிறு கிளியே கண்ணம்மா'. கடைக்காரர் கணக்குத் தப்பி, "உச்சிதனை முகர்ந்தால் கருவம் ஓங்கி வளருதடி" என்ற இடத்தோடு நாடா தீர்ந்து 'டக்'கென்று நின்றுவிடும். எங்கள் வீட்டில் அந்தப் பாட்டு எப்போதும் அங்கேதான் முடிந்தது. அம்மா சமையல்கட்டில் கூடவே பாடுவாள், அவளும் அங்கேயே நிறுத்திக்கொள்வாள். எனக்கு அது கொஞ்சுகிற பாட்டு, பெருமைப்படுகிற பாட்டு, அவ்வளவுதான்.

பாரதியார் படைப்புகள் 1949-லேயே அரசுடைமை ஆகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதனால் மெய்ப்புத் திருத்துகிறவன் மேஜைக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையாவது பாரதி வந்துவிடுவார். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மலிவுப் பதிப்பு வந்தது. அன்றைக்குக் காலையில் ஒற்றைச் செருப்பைக் காணோம் என்று பள்ளிக்கூட ஆட்டோ வாசலில் ஹாரன் அடிக்க, மகளிடம் நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. செருப்பு கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. அவள் ஒரு வார்த்தை பேசாமல் போட்டுக்கொண்டு போனாள்.

பதினொரு மணிக்குக் 'கண்ணம்மா என் குழந்தை' பக்கம் வந்தது. பத்துக் கண்ணிகள். கேசட் நின்ற இடத்தைத் தாண்டிப் போகிறேன். கன்னத்தில் முத்தம், முகம் சிவந்தால் சஞ்சலம், கண்ணில் நீர் வழிந்தால் நெஞ்சில் உதிரம். அப்புறம் எட்டாவது கண்ணியில் "முல்லைச் சிரிப்பாலே எனது மூக்கந் தவிர்த்திடுவாய்" என்று அச்சாகியிருந்தது. ர் விட்டுப்போயிருக்கிறது. சிவப்புப் பேனாவால் 'மூர்க்கம்' என்று ஓரத்தில் எழுதப் போனேன். ர் போட்டுப் புள்ளி வைப்பதற்குள் கை நின்றுவிட்டது.

கொஞ்சுகிற பாட்டு என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததற்குள் ஒரு கோபக்கார அப்பா இத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறார். தன் மூர்க்கத்தைத் தன்னால் அடக்க முடியவில்லை, நீ சிரித்து அடக்கு என்று குழந்தையிடம் கேட்கிறார். அது நியாயமா என்று எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. அந்தப் பாரத்தை ஏன் குழந்தை தலையில் வைக்க வேண்டும்? ஆனால் தனக்கு மூர்க்கம் உண்டு என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். என் அப்பாவுக்கும் அது இருந்தது. அவர் கேட்டுப் பதிவு செய்த பாட்டு அந்த வரிக்கு முன்னாலேயே தீர்ந்துபோனது.

சாயங்காலம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அந்தத் தைரியம் வரவில்லை. பாதாம் பால் வாங்கிக்கொண்டு போனேன். குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு வரியை எப்படி யோசிப்பது? ஏதாவது முறை இருக்கிறதா?

கையால் எழுதுங்கள். செல்போனில் நகலெடுத்து ஒட்டினால் கண் ஓடிவிடும். எழுதும்போது சொல்லைப் பிரித்து எழுதுங்கள், பாடும்போது ஒட்டிக்கொண்டதெல்லாம் பிரிந்து வரும். பிறகு அதே வரியைப் பால்காரரிடம் சொல்வதுபோல் உங்கள் பேச்சில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாமல் எந்தச் சொல்லில் தடுக்குகிறதோ, அங்கேதான் உங்கள் விஷயம் இருக்கும். பாட்டை முழுசாக, எல்லாச் சரணமும் கேட்டுவிட்டு வாருங்கள் என்று நான் ஏன் வற்புறுத்துகிறேன் என்பது மேலே உள்ள கேசட் கதையில் இருக்கிறது. படம் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பார்த்தால் சில சமயம் பாட்டே கெட்டுப்போகிறது.

எனக்குப் பாட வராது. வரலாமா?

பாட வருகிறவர்களைத்தான் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது. பாட்டு செல்போனில் இருந்தால் போதும், ஸ்பீக்கர் இருக்கிறது. எழுதின தாளைக் கொண்டு வாருங்கள். கொசு அதிகம், முழுக்கைச் சட்டை நல்லது. ஒன்பது மணிக்கு மேல் கீழ் வீட்டு மாமி படியேறி வந்து நிற்பார். திட்டுவதற்கு என்றுதான் முதலில் நினைத்தோம். மூன்றாவது மாசம் கையில் ஒரு தாள் வைத்திருந்தார்.